கடைமடையில் கேமரா: புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகள்

தை பிறந்தால், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்துசேரும் எங்கள் நாகப்பட்டினம் பக்கம் புதுக் கேமராக்கள் வந்து இறங்கும். சென்னையில் வேலையை விட்டவர்கள், சிங்கப்பூரிலிருந்து திரும்பியவர்கள், அப்பா போனபின் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள். “மனசு சரியில்லண்ணே, காலைல எழுந்து எதாவது படம் எடுக்கலாம்னு…” என்று இழுப்பார்கள். நல்ல யோசனைதான். விடிவதற்குமுன் வயலில் நிற்க வேண்டுமென்றால் இரவு ஒன்பதுக்குத் தூக்கம் வந்துவிடும். வழுக்கும் வரப்பில் நடக்கும்போது ஃபோனைப் பார்க்க முடியாது. பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதியைக் கெடுத்துக்கொள்ளும் வழிகளைத்தான் எழுதுகிறேன். சார்ஜ் போட மறப்பது, மெமரி கார்டை வீட்டில் விட்டுவருவது போன்றவற்றை ஒரு தடவை பட்டால் தானே கற்றுக்கொள்வீர்கள்.

சூரியன் கடலில் இறங்கும் என்று காத்திருப்பது

நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை நமக்குக் கடல் கிழக்கே. சூரியன் கடலில் எழும், வயலில் விழும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கேரளத்துப் படங்களைப் பார்த்துப் பழகிய கண், மாலையானால் கால்களைக் கடற்கரைக்குத்தான் இழுக்கிறது. அங்கே போய் வெறும் சாம்பல் கடலைப் பார்த்துவிட்டு, “இங்க ஒண்ணும் இல்ல” என்று திரும்புகிறார்கள்.

மாலையில் வயல் பக்கம் போங்கள். கடற்கரைக்குத்தான் போவேன் என்றால் சூரியன் மறைந்தபிறகு போய், வானம் தெளிவாக இருக்கும் நாளில் கிழக்கே பாருங்கள். கடலை ஒட்டி ஒரு நீலச் சாம்பல் பட்டை எழும், அதற்குமேல் இளஞ்சிவப்பு படியும். அந்த நீலப் பட்டை பூமியின் நிழல். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கரைந்துவிடும். கோடியக்கரையில் மட்டும் கரை மேற்கே வளைவதால் கணக்கு வேறு.

அகன்ற கோண லென்ஸ்

நிலக்காட்சிக்கு அகன்ற கோணம்தான் என்று மலைக்காரர்கள் சொன்ன பாடத்தை இங்கே கொண்டுவராதீர்கள். ஊட்டியில் நிலமே எழுந்து நின்று சட்டகத்தை நிரப்பும். டெல்டா தட்டை. 16 மி.மீ. லென்ஸில் பனைமரம் தீக்குச்சியாகிவிடும், மதகு காணாமல் போகும், மிஞ்சுவது வெள்ளை வானமும் ஒரு கோடும். கேமராவோடு கிடைக்கும் சாதாரண ஜூம், அல்லது தூரத்தை அருகே இழுக்கும் 70-200 மி.மீ. லென்ஸ் போதும். தூரத்து வரப்பு, பனை வரிசை, அதற்குப் பின்னால் கோபுரம் எல்லாம் நெருங்கி வந்து அடுக்கடுக்காக நிற்கும். அகன்ற கோணத்துக்கு ஐப்பசி மேகம் வரட்டும். அப்போதும் காலடியில் ஒரு வலையோ நண்டு வளையோ இருந்தால்தான் படம்.

பத்திரமாக வைப்பது

எத்தனை பேருக்குச் சொல்லியும் மாறாத தவறு இது. எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவதும் இதுதான்.

காசு போட்டு வாங்கிய பொருளாயிற்றே என்று கேமராவைத் தோல் உறையில் போட்டு, மேலே ஒரு துணியைச் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டுகிறார்கள். கூடவே இரண்டு பாச்சை உருண்டை. நல்ல வானம் அமையட்டும், வெளியே எடுக்கலாம் என்று காத்திருப்பு.

இது கடலோர வீடு. கார்த்திகையில் உப்பு ஜாடியில் நீர் கசியும், அப்பளம் நமத்துப்போகும், தீப்பெட்டி உரசினால் பற்றாது. அந்த ஈரம் லென்ஸை மட்டும் விட்டுவைக்குமா? ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நிற்கிற, இருட்டான, காற்று புழங்காத இடம்தான் பூஞ்சைக்குப் பிடித்த வீடு. தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்துவைத்து அதற்கு உதவும். பாச்சை உருண்டை ஈரத்தை எடுக்காது, அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கும் ஆகாது.

உறவில் ஒரு தம்பி. கத்தாரில் வேலை போய், யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தவர். அவர் தங்கை கொடுத்த பழைய கேமராவோடு என்னுடன் வாய்க்கால் கரைக்கு வர ஆரம்பித்தார். முதலில் பேச்சே இருக்காது. மெல்ல “அண்ணே, நேத்து அந்த மடையில நீர்க்காகம் மூணு இருந்துச்சு, இன்னிக்கு ஒண்ணுதான்” என்று சொல்கிற அளவுக்கு வந்தார். அம்மாவுக்கு நிம்மதி. அந்தத் தெம்பில் சேமிப்பிலிருந்து விலையுயர்ந்த லென்ஸ் ஒன்றை வாங்கினார். பிடித்தது சனி. உப்புக்காற்று படும், மழை படும் என்று அதை வெளியே எடுக்கவே பயம். அரிசி டிரம்முக்குள் பாலிதீன் பையில் சுற்றிப் புதைத்துவைத்தார். “அரிசி ஈரத்த இழுக்கும்னு யூடியூப்ல சொன்னாங்கண்ணே.”

அரிசியிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு பதினான்கு பங்கு ஈரம் இருக்கிறது. அது எதை இழுக்கும்? போதாததற்குத் தவிட்டுத் தூசி.

மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது வெளியே பளபளவென்று இருந்தது. பின்பக்கமிருந்து டார்ச் அடித்தேன். உள் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல்போல வெள்ளை இழைகள் கிளைத்திருந்தன. பழுதுபார்ப்பவர் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தார். இழை போய்விட்டது, தடம் போகவில்லை. பூஞ்சை கசியவிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் அதைத் துடைத்து எடுக்க முடியாது. இப்போது எதிர்வெயிலில் எடுத்தால் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுக்கிறது. செலவு லென்ஸ் விலையில் பாதி.

பணம் போனது ஒருபுறம். புது லென்ஸ் வந்த நாளிலிருந்து தம்பி வாய்க்கால் கரைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பழையதை எடுக்க மனசில்லை, புதியதை எடுக்கத் துணிவில்லை. அவர் கதையில் எனக்கு ஆறாதது அதுதான். இத்தனைக்கும் முன்பு தினமும் வெயிலும் காற்றும் பட்டுக்கொண்டிருந்த அந்தப் பழைய கேமராவோடு வந்த லென்ஸில் டார்ச் அடித்துத் தேடியும் ஓர் இழைகூட இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கேமராவைத் தினமும் கையில் எடுங்கள். மழை விடாமல் கொட்டினால் திண்ணையில் உட்கார்ந்தாவது நாலு படம் எடுங்கள். இரவில் வைக்க, ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல், நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானி. முள் 40-க்கும் 50-க்கும் இடையே நிற்கட்டும். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று பொருள். சமையலுக்கு எடுக்காத வாணலியில் சிறுதீயில் வறட்டினால் பழைய நிறத்துக்கு வரும். ஏசி அறையிலிருந்து எடுத்த உடனே பையைத் திறக்காதீர்கள், கண்ணாடி வியர்க்கும். அரை மணி நேரம் மூடியபடியே வெளியே இருக்கட்டும்.

நல்ல வானத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. தலைமுறையாக நின்ற தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. கொல்லையிலேயே இருந்த தோப்பை யார் படமெடுத்து வைத்தார்கள்? எனக்குத் தெரிந்த சில வீடுகளில் மிச்சமிருப்பது, கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் நாலு மட்டைதான்.

துண்டால் துடைப்பது

அலைத் துளி லென்ஸில் பட்டால் தோள் துண்டால் அழுத்தித் துடைக்காதீர்கள். காய்ந்த உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுகுழலால் ஊதுங்கள். பிறகு குடிதண்ணீரில் லேசாக நனைத்த மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள். உலர்ந்த துணி கடைசியில்தான்.

நீர் நின்ற வயலில் போலரைசர்

மேட்டூரை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கிறார்கள். திறக்கிற வருடத்திலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேரப் பல நாள் ஆகும். பிறகு உழுது, பரம்படித்து, நட்டு, பயிர் தூர்கட்டி நீரை மறைக்கும்வரை இரண்டு மூன்று வாரம் வயல் முழுக்க வானம் கிடக்கும். வருடத்தில் இதற்கு ஈடான காலம் இங்கே கிடையாது. அந்த நேரம் பார்த்து, போலரைசர் என்ற வடிகட்டிக் கண்ணாடியை லென்ஸில் மாட்டித் திருப்பி, பிரதிபலிப்பை நீக்கிவிட்டுச் சேற்றைப் படமெடுக்கிறார்கள். கழற்றிப் பையில் போடுங்கள்.

வேதாரண்யத்து உப்பு சாம்பலாவது

கேமராவின் ஒளிமானிக்கு வெள்ளை தெரியாது. உப்புக் குவியலைக் காட்டினால் இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷர் திருத்தத்தை +1-இல் வையுங்கள். வெள்ளைக் கொக்குக் கூட்டத்துக்கும் அதேதான், தனிக் கொக்கு கரும்பச்சை வயலில் நின்றால் மாறாகக் குறையுங்கள்.

எடிட்டிங்கில் பச்சையை ஏற்றுவது

சம்பாப் பயிர் ஏற்கெனவே பச்சைதான்.

ட்ரைபாட்

கடலில் நட்டால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ட்ரோன்

கோடியக்கரை சரணாலயத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் பறக்கவிடாதீர்கள். உங்கள் மன அமைதிக்காக வெளிமான்கள் ஓட வேண்டியதில்லை.

நடவுப் பெண்கள்

கேட்டுவிட்டு எடுங்கள். “எங்க மூஞ்சி எதுக்கு தம்பி, வயல எடு” என்றால் வயலை எடுங்கள்.