ரீலில் சிக்கிய பேரிங்: கழற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் தூண்டிலில் மாட்டும் ஸ்பின்னிங் ரீலை, அதாவது மீன்பிடி நரம்பைச் சுற்றும் கருவியை, துணியில் சுற்றி எடுத்து வந்தார். "பேரிங் அசையவே மாட்டேங்குது அண்ணே, கொஞ்சம் பாருங்க" என்றார். பக்கத்து மூடியைத் திருப்பிப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. பேரிங், அதாவது இரண்டு வளையங்களுக்கு நடுவே குண்டுகள் உருளும் பாகம், உட்காரும் குழியின் விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம். ஸ்க்ரூடிரைவரை ஊன்றி நெம்பிய தழும்பு அது. என்னிடமும் ஒரு ரீல் இருக்கிறது, அதே இடத்தில் அதே தழும்போடு. சர்வீஸ் பழக ஆரம்பித்த நாட்களில் நானே போட்டது.

புதிதாகப் பழகுகிறவர்கள் இதே இடத்தில் வந்து விழுவதைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். திருகுகளை வரிசையாக வையுங்கள், கழற்றும்போதே போட்டோ எடுங்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதை விட்டுவிட்டு நேராகச் சிக்கிய பேரிங்குக்கே வருகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேரிங் போனால் அதே அளவில் வேறொன்று வாங்கிவிடலாம். அது உட்காரும் குழி போனால் ரீலே போச்சு. செய்கிற ஒவ்வொரு வேலையிலும் காப்பாற்ற வேண்டியது குழியைத்தான்.

எடுத்தவுடன் ஆயிலை ஊற்றுவது

பேரிங் வரவில்லை என்றதும் எல்லோருடைய கையும் துரு இளக்கும் ஸ்ப்ரேயைத்தான் தேடும். கடலில் ஓடிய ரீல் என்றால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. லென்ஸ் வைத்து பேரிங்கின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வெளி வளையமும் உடலும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு தெரியும். பழுப்பாக இருந்தால் அது இரும்புத் துரு. வெள்ளையாக இருந்தால் உப்பும், அலுமினியம் அரித்து வந்த பொடியும் கலந்தது. ஸ்டீலும் அலுமினியமும் ஒட்டி நிற்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்தால் அரிப்பு அலுமினியத்தைத்தான் தின்னும். அந்தப் பொடி, தான் எந்த உலோகத்திலிருந்து வந்ததோ அதைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். இண்டு இடுக்கில் ஆப்பு வைத்து இறுக்கியது மாதிரி பேரிங்கைச் சுற்றிலும் பிடித்துக்கொள்ளும்.

உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முதலிலேயே ஆயிலை விட்டால் உப்பின் மேல் எண்ணெய்ப் படலம் படிந்து, பிறகு தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல் போகும். ஆகவே கியர், ஷாஃப்ட் எல்லாம் கழற்றிய வெற்று உடலையோ மூடியையோ வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறப் போடுங்கள். காலையில் தண்ணீரை மாற்றி இன்னும் கொஞ்ச நேரம் வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு துரு இளக்கும் எண்ணெயை ஊசி முனையால் விளிம்பைச் சுற்றி நாலைந்து சொட்டு விடுங்கள். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் பேரிங்கைச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். அந்த அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். அப்புறம் இன்னொரு இரவு விட்டுவிடுங்கள். இரண்டு நாள் காத்திருப்பது எரிச்சலாகத்தான் இருக்கும். என் கைக்கு வந்த சிக்கிய பேரிங்குகளில் பாதிக்கு மேல் இதிலேயே இளகியிருக்கின்றன.

ஸ்க்ரூடிரைவரால் ஒரு பக்கம் நெம்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அது உலோக உடல் கொண்ட நடுத்தர அளவு ஸ்பின்னிங் ரீல். மெயின் கியரைத் தாங்கும் பேரிங் 7×11×3, அதாவது உள் விட்டம் 7 மில்லிமீட்டர், வெளி விட்டம் 11, தடிமன் 3. பக்க மூடியில், பின்பக்கம் அடைத்த குழிக்குள் இறங்கியிருந்தது. பின்னாலிருந்து தள்ள வழியில்லை. உள் வளையத்தின் ஓட்டைக்குள் சின்ன ஸ்க்ரூடிரைவர் முனையை நுழைத்து, குழியின் விளிம்பில் சாய்த்து நெம்பினேன். ஒரு பக்கம் இம்மி அளவு மேலே வந்தது. வருகிறது என்ற சந்தோஷத்தில் இன்னும் அழுத்தினேன்.

ஒரு பக்கம் மேலே வரும்போது எதிர்ப்பக்கம் என்ன ஆகிறது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. குழிக்கும் பேரிங்குக்கும் இடையே இருப்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவிலான இடைவெளி. அவ்வளவு நெருக்கத்தில் பேரிங் கொஞ்சம் சாய்ந்தாலும் அதன் விளிம்பு எதிர்ச்சுவரில் கத்தி மாதிரி குத்தி நிற்கும். பேரிங் கடினப்படுத்திய ஸ்டீல், சுவர் மெத்தென்ற அலுமினியம். யார் தோற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நெம்ப நெம்ப சாய்வு கூடும், சாய்வு கூடக் கூட இறுக்கம் கூடும். கடைசியில் டக்கென்று ஒரு சத்தம். உள் வளையம் தனியாக வந்துவிட்டது. குண்டுகள் மேசையில் சிதறின. வெளி வளையம் மட்டும் குழிக்குள் கோணலாக மாட்டிக்கொண்டு நின்றது.

அதை எடுக்கப் பட்ட பாட்டில் குழி முட்டை வடிவமாகிவிட்டது. புதுப் பேரிங் வாங்கிப் போட்டேன். இறுக்காமலேயே உள்ளே விழுந்தது. ஹேண்டிலைச் சுற்றினால் வெளி வளையமும் சேர்ந்து சுற்றியது. மெயின் கியர் ஒரு பக்கம் சாய்ந்ததால் பினியன் என்ற சிறு கியரோடு சேரும் கோணம் மாறி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'கறக் கறக்' என்றது. பேரிங் ஒட்டும் பசை போட்டுப் பார்த்தேன். ஆட்டம் நின்றது, கோணல் நிற்கவில்லை. கொஞ்ச நாளில் கியர் பற்களும் தேய்ந்தன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரீல், ஒரு நிமிட அவசரத்தில் உதிரிபாகப் பெட்டிக்குப் போனது.

சரி, அடைத்த குழியிலிருந்து எப்படித்தான் எடுப்பது? எந்த வழியானாலும் பேரிங் சாயாமல் நேராக மேலே வர வேண்டும், அவ்வளவுதான். நான் முதலில் செய்வது இது. கீழே சொல்லும் அளவுக்கு மூடியைச் சூடாக்கி, துணியால் பிடித்து, பேரிங் கீழே பார்க்கும்படி மரப்பலகையில் தட்டென்று தட்டுவேன். மூடியின் விளிம்பு மட்டும் பலகையில் தட்டையாகப் பட வேண்டும். இளகிய பேரிங் தன் எடையிலேயே பலகையில் விழுந்துவிடும்.

விழவில்லையா? உள் வளையத்துக்குள் சரியாக நுழையும் தண்டு ஒன்றைத் தேடி எடுங்கள். 7 மில்லிமீட்டர் ஓட்டைக்கு 7 மில்லிமீட்டர் தண்டு, லொடலொட என்று ஆடக்கூடாது. டிஷ்யூ பேப்பரை நனைத்துச் சின்னச் சின்ன உருண்டையாக ஓட்டைக்குள் திணியுங்கள். தண்டை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். காகிதக்கூழ் பேரிங்குக்கு அடியில் பரவி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் மேலே தள்ளும். இறுக்கம் குறைந்ததும் இன்னும் ஓர் உருண்டை, இன்னும் சில தட்டு. ஓர் எச்சரிக்கை: மூடியின் பின்சுவர் மெல்லியது. குழிக்கு நேர் கீழே மரக்கட்டை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தட்ட வேண்டும். இல்லையென்றால் பேரிங் அசைவதற்குள் சுவர் வெளியே பிதுங்கிவிடும்.

இந்த வேலை அடிக்கடி வருகிறவர்கள் உள் வளையத்துக்குள் விரிந்து பிடித்து வெளியே இழுக்கும் புல்லர் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. அதிலும் சிறு பேரிங்குக்குப் பொருந்தும் அளவு வேண்டும். பெரிய எந்திரத்துக்கான புல்லரின் நகம் இந்த ஓட்டைக்குள் நுழையாது.

பின்பக்கம் திறந்த குழி என்றால் கவலையே இல்லை. பின்னாலிருந்து வெளி வளையத்தில் மட்டும் படும்படி, பேரிங்கைவிடக் கொஞ்சம் சிறிய ஸ்பேனர் சாக்கெட்டை வைத்து அழுத்துங்கள். எதிர்ப்பக்கம் பேரிங் விழுவதற்கு இடம் விட்டு, பெரிய சாக்கெட்டை முட்டுக் கொடுங்கள். சுத்தியல் வேண்டாம், பெஞ்ச் வைஸ் போதும்.

கிளிப்பையும் பின்னையும் பார்க்காமல் இழுப்பது

சில சமயம் பேரிங் சிக்கியிருக்கவே சிக்கியிருக்காது. மேலே முடி மாதிரி மெல்லிய கம்பி வளையம் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். பழைய கிரீஸ் படிந்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. குழியின் வாயை முதலில் துடையுங்கள். உள்சுவரில் காடி மாதிரி கோடு ஓடுகிறதா, அதற்குள் கம்பியின் முனை தெரிகிறதா என்று பாருங்கள்.

பெய்ட்காஸ்டரில், அதாவது வீசும்போது நரம்பு சுற்றிய ஸ்பூலே சுழலும் வகை ரீலில், இன்னொரு கண்ணி உண்டு. பல மாடல்களில் ஸ்பூல் ஷாஃப்டின் குறுக்கே ஒரு சிறு பின் இருக்கும். பினியன் கியரைப் பிடிப்பது அதுதான். ஷாஃப்டில் இருக்கும் பேரிங் அந்தப் பின்னைத் தாண்டி வரவே வராது. பின்னை அழுத்தி வெளியேற்ற அதற்கென்றே ஒரு கருவி கிடைக்கிறது. கட்டிங் பிளையரால் இழுத்தாலோ ஷாஃப்டை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு தட்டினாலோ ஷாஃப்ட் வளைந்துவிடும். கண்ணால் பார்க்க நேராகத்தான் தெரியும். வீசும்போது ஸ்பூல் அதிரும்போதுதான் தெரியவரும்.

சூட்டில் அளவு தவறுவது

அலுமினியம் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பேரிங்கின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுமார் 10 மைக்ரான்தான் விரியும். 11 மில்லிமீட்டர் குழியை 60 டிகிரி கூட்டினால் குழி சுமார் 15 மைக்ரான் பெருக்கும், பேரிங் சுமார் 7 மைக்ரான் பெருக்கும். மிச்சம் 8 மைக்ரான், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பிடிப்பு விடுவதற்கு அதுவே பெரும்பாலும் போதும். ஹேர் டிரையரில் சில நிமிடம் காட்டினால், வெறும் கையால் பிடிக்க முடியாத சூடு வந்துவிடும். அந்த அளவில் நிறுத்துங்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டிருந்தால் முதலில் அதை நன்றாகத் துடைத்துவிடுங்கள். தீப்பற்றக்கூடியது. லைட்டர், கேஸ் டார்ச் எதுவும் கிட்டவே வரக்கூடாது.

கார்பன் கலந்த பிளாஸ்டிக் உடல் என்றால் இந்த முறையே வேண்டாம். சூட்டில் குழி இளகி வடிவம் மாறினால் ஆறிய பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. உலோகமா பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் இருந்தால் வெளியே தெரியாத மூலையில் ஊசியால் லேசாகக் கீறிப் பாருங்கள். பளபளவென்று தெரிந்தால் உலோகம்.

வினிகரில் ஊறப் போடுவது

மெக்னீசியம் உடல் என்றால் கூடவே கூடாது. அமிலம் உலோகத்தையே தின்றுவிடும்.

ஒன்-வே பேரிங்கைப் பிரிப்பது

ஒரு பக்கம் மட்டுமே சுற்ற விடும் பேரிங் இது. முழுசாகக் கழற்றுங்கள், முழுசாகவே மாட்டுங்கள். உள்ளே இருக்கும் உருளைகளும் மெல்லிய ஸ்பிரிங்குகளும் தெறித்தால் கிடைக்காது.

காய்ந்த பேரிங்கை அழுத்தக் காற்றில் சுழற்றுவது

வேண்டாம்.

கஷ்டப்பட்டு வந்த பேரிங்கையே திரும்பப் போடுவது

கழுவினேன், ஆயில் விட்டேன், நன்றாகச் சுற்றுகிறதே என்பார்கள். குழியில் இறுகியிருக்கும் பேரிங்கை உள் வளையத்தில் பிடித்து இழுத்தால் அத்தனை விசையும் குண்டுகள் வழியாகத்தான் வெளி வளையத்துக்குப் போகும். குண்டுகள் தொட்டுக்கொண்டிருந்த இடங்களில் சின்னச் சின்னக் குழிகள் விழும். விரலில் வைத்துச் சுண்டினால் தெரியாது. உள் வளையத்தை விரல் நுனியில் மாட்டி, வெளி வளையத்தை லேசாக அழுத்திக்கொண்டு மிக மெதுவாகத் திருப்புங்கள். படிப்படியாகத் தடுக்கிற மாதிரி உணர்ந்தால் அதன் கதை முடிந்தது.

புதிது வாங்கும்போது வெர்னியர் வைத்து உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றையும் அளந்து அதன்படி வாங்குங்கள். தடிமனில் அரை மில்லிமீட்டர் மாறினாலும் கியர் இடைவெளி மாறிவிடும். பேரிங்குக்கு அடியில் ஷிம் வாஷர், அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம், இருந்ததா என்றும் பாருங்கள். பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டு பேரிங்கோடு சேர்ந்தே வந்திருக்கும். அதைக் குப்பையில் போட்டுவிட்டு ரீல் ஆடுகிறது என்று வருகிறவர்கள் நிறைய.

வெறும் குழியில் புதியதை அழுத்துவது

குழியைச் சுத்தம் செய்யும்போது உப்புத்தாள் போடாதீர்கள். சொரசொரப்பை எடுக்கிறேன் என்று தேய்த்தால் பிடிப்பும் சேர்ந்து போய்விடும். மூங்கில் குச்சியின் முனையில் ஈரத்துணி சுற்றித் துடைத்தாலே வெள்ளைப் பொடி வந்துவிடும். காய்ந்ததும், தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸை விரல் நுனியில் எடுத்து, பளபளப்பு மட்டும் தெரியும் அளவுக்குக் குழியின் சுவரில் தடவுங்கள். ஸ்டீலுக்கும் அலுமினியத்துக்கும் இடையே உப்புத் தண்ணீர் புகாமல் காப்பது இந்தப் படலம்தான். குழிக்குள் தள்ளும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்துங்கள். ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும்.

அந்தத் தம்பியின் ரீல் முழுசாகக் கெட்டிருக்கவில்லை. பள்ளம் விளிம்போடு நின்றிருந்தது, உள்ளே சுவர் நன்றாக இருந்தது. இரண்டு நாள் ஊறப் போட்டு, சூடு காட்டி, மூன்றாவது தட்டில் பேரிங் பலகையில் விழுந்தது. குழிக்குள் அவரையே கிரீஸ் தடவச் சொன்னேன். புதுப் பேரிங்கைக் கட்டைவிரலால் அழுத்தியதும் சத்தமில்லாமல் நேராக இறங்கி உட்கார்ந்தது.