வல்லாரை வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் வல்லாரையை யாரும் நட்டதாக நினைவில்லை. குழாயடித் தண்ணீர் ஓடும் ஓரத்தில் தானாகப் படர்ந்து கிடக்கும். அம்மா ஒரு கைப்பிடி பறித்து வந்து துவையல் அரைப்பார். இந்த மண்ணிலேயே விளையும் கீரை அது. லயத்தை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்தவர்கள் அதையே வளர்க்க முடியாமல் கைவிடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

முதலில், வாங்குவது வல்லாரைதானா என்று பாருங்கள். மலாய்ப் பெயரில் பெகாகா என்று கேட்டால் சில நர்சரிகளில் வேறு செடியையும் எடுத்துத் தருகிறார்கள். இலையைத் திருப்பினால் தெரிந்துவிடும். வல்லாரைக்குக் காம்பு இலையின் பிளவில் வந்து சேரும். தாமரை இலை மாதிரி நடுவில் காம்பு இருந்தால் அது வல்லாரை இல்லை.

அப்புறம் விதை. முளைக்க நாளாகும், முளைப்பதும் நிச்சயமில்லை. கொடியே வேரோடு கன்று தரும்போது விதை எதற்கு? தரையில் ஓடும் தண்டைத் தூக்கிப் பாருங்கள்: கணுவுக்குக் கணு மேலே இரண்டு மூன்று இலை, கீழே நூல் போல வெள்ளை வேர். வேரோடு இரண்டு கணு வருமாறு வெட்டிக்கொள்ளுங்கள். நடும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. கன்று சாயாமல் நிற்கட்டும் என்று கணுவையே மண்ணுக்குள் புதைத்துவிடுகிறோம். குருத்து அங்கேதான் இருக்கிறது, மூடினால் அழுகிவிடும். வேர் மட்டும் உள்ளே போகட்டும். தண்டைப் படுக்கவைத்து, அசையாமல் இருக்கப் பச்சை ஈர்க்கை வளைத்து மேலே குத்திவிடுங்கள். ஒரு சாண் இடைவெளி போதும். முதல் 10 நாள் நிழல் வேண்டும்.

சதுப்பிலும் வளரும் செடிதான். அதற்காக ஓட்டையில்லாத வாளியில் வெறும் செம்மண்ணை அடைத்துத் தண்ணீர் தேக்கினால், மண் இறுகி வேர் அழுகும். பாலிபேக்கில் மணலும் மக்கிய எருவும் கலந்து போடுங்கள். புதுக் கோழி எரு வேண்டாம், சூட்டில் வேர் கருகும். வாழையடி நிழல் நல்ல இடம். உச்சி வெயில் விழும் இடத்தில் இலை சிறுத்துவிடும்.

பறிக்கும்போது கொடியோடு பிடுங்காமல் காம்போடு கிள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். தாய்க்கொடி தேடிச் செம்பனைக் காட்டு வடிகாலுக்கோ பெரிய ரோட்டோரத்துக்கோ போகாதீர்கள். பாராகுவாட் என்ற களை மருந்தை 2020-இல் இங்கே தடை செய்துவிட்டார்கள் என்பது சரி, மற்ற களை மருந்துகளை அடிப்பது நிற்கவில்லை. மண்ணில் ஈயம் இருந்தால் அதையும் வல்லாரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடுக்கிற கீரை இது. தெரிந்தவர் வீட்டில் நாலு கணு கேட்டு வாங்குங்கள், போதும்.