லிப்ரெஆபிஸில் பிழை கண்டால் எப்படிச் சொல்வது? ‘நீட்இன்ஃபோ’ (தகவல் தேவை) என்ற நிலை வந்தால் என்ன செய்வது?

வேலூர் சத்துவாச்சாரியில் டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகைகளை லிப்ரெஆபிஸ் என்ற இலவச மென்பொருளின் ரைட்டரில்தான் அமைக்கிறேன். ஆவணி முகூர்த்த நெருக்கடியில் ஒருநாள் ‘திருநிறைச்செல்வி’யின் ஒற்றைக்கொம்பு ‘ச’வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. அப்போதுதான் முதன்முதலாக, லிப்ரெஆபிஸின் பிழைகளைப் பதிவுசெய்யும் தளமான பக்ஸில்லாவில் முறையிட்டேன்.

1. பக்ஸில்லாவில் கணக்கு தொடங்குங்கள். அதே பிழையை வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

2. உதவி மெனுவில் ‘லிப்ரெஆபிஸ் பற்றி’யைத் திறந்தால், பதிப்பு விவரத்தை நகலெடுக்கும் பொத்தான் இருக்கும். அதை அப்படியே ஒட்டுங்கள். இயங்குதளம், மொழி அமைப்பு எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

3. அதே மெனுவில் பாதுகாப்பு முறையில், அதாவது நீங்கள் செய்த அமைப்பு மாற்றங்கள் இல்லாமல், மறுபடி தொடங்கிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கோளாறு உங்கள் அமைப்புகளில்தான்.

4. பிழையைக் காட்டும் மாதிரிக் கோப்பை இணையுங்கள். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். போனில் எடுத்த ஒரு படத்தை மட்டும் இணைத்து, “தமிழ் சரியாக வரவில்லை” என்று எழுதியிருந்தேன். நிலை ‘நீட்இன்ஃபோ’ என்று மாறியது. தள்ளிவிட்டார்கள் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். உண்மையில் அது ஒரு கேள்வி: கோப்பு எங்கே, எழுத்துரு எது?

பத்திரிகையை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். இணைப்பை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். இரண்டு வீட்டார் பெயரும் போன் நம்பரும் அதில் இருக்கும். புதுக் கோப்பில் ‘செல்வி’, ‘பெண்’ என்று இரண்டு சொல் போதும். இணைத்த பிறகு நிலையை நீங்களே ‘அன்கன்ஃபர்ம்டு’ (இன்னும் உறுதியாகாதது) என்று திருப்பி மாற்ற வேண்டும். இதைச் செய்யாவிட்டால் உங்கள் பதிலுக்காக இன்னும் காத்திருப்பதாகவே கணக்கு. இன்னொருவர் தன் கணினியில் அதே பிழையைப் பார்த்துவிட்டால் நிலை ‘நியூ’ ஆகும். சோதிப்பவர்களில் பலர் தன்னார்வலர்கள். இரண்டு வரிக் கோப்பு அவர்கள் நேரத்தை மிச்சப்படுத்தும்.

என் முறையீடு ‘நாட்அவர்பக்’ (எங்கள் பிழை அல்ல) என்று முடிந்தது. யாரோ பென்டிரைவில் கொடுத்த பழைய எழுத்துருவில் தமிழுக்கான ஓப்பன்டைப் விதிகளே, அதாவது எழுத்துகளைச் சரியாக அமைக்க எழுத்துருவுக்குள் இருக்க வேண்டிய விதிகளே, இல்லை. காரணத்தையும் எழுதி மூடினார்கள். அந்தப் பொறுமைக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். இப்போது நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருதான் போடுகிறேன், உங்களுக்கும் அதையே சொல்வேன்.

பின்சேர்க்கை: குடியாத்தத்திலிருந்து ஒரு நண்பர், “எல்லாம் செய்தேன், எது பிழை என்று கேட்கிறார்கள்” என்றார். பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். சரியான வடிவம், தவறான வடிவம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொம்பைச் சிவப்பில் வட்டமிட்டு ஒரு படம் சேருங்கள். விளக்கத்தை எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஒரு முறையீட்டில் ஒரே பிழை.