பழைய கம்ப்யூட்டர்ல சத்தம் வரலையா? மலையில இருக்கறவங்க பண்ணக்கூடாத வேலைங்க

எஸ்டேட் ஆபீஸ்ல கழிச்சு விட்டதோ பழைய இரும்பு கடையில எடை போட்டு எடுத்ததோ, ஒரு 486 இல்ல பென்டியம் கம்ப்யூட்டர் கைக்கு வந்துரும், ஆன் பண்ணா விண்டோஸ் 98 நல்லாவே ஏறும், அந்த ஸ்டார்ட்டப் மியூசிக் மட்டும் வராது. உடனே "சவுண்ட் கார்டு (சத்தம் குடுக்கற பலகை) அவுட்"னு தீர்ப்பு சொல்லிட்டு வேற கார்டு தேட ஆரம்பிச்சிடறாங்க. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இருக்கற மெஷின்னா நான் கார்டை கடைசியில தான் சந்தேகப்படுவேன். முதல்ல ஈரம், அப்புறம் கான்டாக்ட்ல படிஞ்ச கறை, அப்புறம் யாரோ கழட்டி எடுத்துட்டு போன ஒயர்.

முதல் தப்பு, கொண்டு வந்ததும் பவர் போடறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், டிசம்பர் ஜனவரியில உறைபனி விழற ஊர். ராத்திரி பூரா குளிர்ல கிடந்த கேபினெட்டை ரிப்பேருக்குன்னு பஸ்ல ஏத்தி மேட்டுப்பாளையம் இறக்கினீங்கன்னா உள்ள இருக்கற இரும்பெல்லாம் இன்னும் ஜில்லுன்னு தான் இருக்கும், கீழ இருக்கற வெக்கைக் காத்து அது மேல பட்டதும் அப்படியே தண்ணியா படியும், மதர்போர்டு மேலயும் சேர்த்து. அதனால மூடின அட்டைப்பெட்டியிலயே அரை நாள் விடுங்க, அப்புறம் திறங்க. வீட்டுக்குள்ளயும் இதே கதை தான், குளிர்ந்து கிடந்த ரூம்ல காலையில ஹீட்டர் போட்டு பக்கத்துலயே கெட்டில்ல தண்ணி கொதிக்க விட்டு உடனே ஸ்விட்சை தட்டக் கூடாது. (ஹார்ட் டிஸ்க் உயரத்துல ஓடாதுன்னு ஒரு பேச்சு உண்டு. பெரும்பாலான டிஸ்க்குக்கு 3,000 மீட்டர் வரைக்கும் கணக்கு குடுத்திருப்பாங்க, தொட்டபெட்டாவே 2,637 தான், பயப்பட வேணாம்.)

நனைஞ்சிருக்குன்னு அரிசி மூட்டைக்குள்ள புதைக்கறது, ஹேர் டிரையரை ஃபுல் சூட்டுல காட்டறது ரெண்டும் வேணாம், அரிசி மாவுத் தூசி ஸ்லாட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும். ஜூலை மழையில வெயிலை எதிர்பாக்க முடியாது, பீரோவுல துணிக்கு பூஞ்சை பிடிக்காம இருக்க ஒரு சின்ன குண்டு பல்பு எரிய விடுவோமே, அதே வேலையை மூடின பெட்டிக்குள்ள பண்ணா போதும், பல்பு மட்டும் போர்டு மேல படாம தள்ளி இருக்கணும்.

அடுத்தது தான் எல்லாரும் பண்றது, எதையும் பிரிச்சு பாக்காம டிரைவரை (கார்டை விண்டோஸ் ஓட்டறதுக்கான சாஃப்ட்வேர்) அழிச்சு அழிச்சு மறுபடி போடறது. சத்தம் எங்க நிக்குதுன்னு தெரியாம டிரைவர் மேல கைவச்சா ஓடிட்டு இருந்ததும் போயிடும். ஸ்பீக்கரை மொதல்ல ஒரு போன்ல சொருகி பாருங்க, போன்ல ஜாக் இல்லைன்னா ஸ்பீக்கரை ஆன் பண்ணி பிளக்கோட முனையை விரலால தொடுங்க, "ம்ம்ம்"னு இரைச்சல் வந்தா ஸ்பீக்கர் உயிரோட இருக்கு. அப்புறம் ஜாக். பச்சைன்னா ஸ்பீக்கர், பிங்க்னா மைக்குங்கற கலரெல்லாம் பிசி 99ங்கற கம்ப்யூட்டர் தயாரிப்பு விதிமுறை வந்த பிறகு தான் எல்லா இடத்துலயும் பரவுச்சு, அதுக்கு முந்தின கார்டுகள்ல தகட்டுல அச்சடிச்ச சின்ன படம் மட்டும் தான் இருக்கும், அதுவும் துருவுல மறைஞ்சிருக்கும். மைக் ஓட்டையில சொருகிட்டு கார்டு செத்துப்போச்சுன்னு சொல்ற ஆட்கள் நெறைய. பழைய சவுண்ட் பிளாஸ்டர்ங்கற பிராண்டு கார்டுகள்ல பின்பக்கம் சின்னதா ஒரு வால்யூம் சக்கரமும் இருக்கும், அது சைபர்ல கிடந்தா சாஃப்ட்வேர்ல என்ன ஏத்தினாலும் ஒண்ணும் கேக்காது. விண்டோஸோட வால்யூம் மிக்ஸர்ல மியூட் டிக் இருக்கான்னும் பாத்துருங்க, சொல்லவே கூச்சமா இருக்கு, ஆனா பாருங்க.

கேஸுக்குள்ள இருக்கற சின்ன ஸ்பீக்கர் "பீப்"னு அடிக்குது, அப்ப சவுண்ட் நல்லா தானே இருக்குன்னு நினைக்கறதும் தப்பு. அது மதர்போர்டோட தனி ஒயர், கார்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதே மாதிரி விண்டோஸ் சத்தம் எல்லாம் வருது, பாட்டு சிடி மட்டும் ஊமையா ஓடுதுன்னா டிரைவ்ல கோளாறு இல்ல, சிடி டிரைவ்ல இருந்து சவுண்ட் கார்டுக்கு போற மெல்லிசான நாலு பின் ஒயர் இல்லாம இருக்கும். பார்ட்ஸ் பிரிச்சு விக்கறவங்க அதை முதல்ல தூக்கி போட்டுருவாங்க.

பென்டியம் 4 காலத்து போர்டு வச்சிருக்கறவங்களுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு, இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. ஏசி 97 ஆடியோ (போர்டுலயே சவுண்ட் சேர்ந்து வர்ற வகை) உள்ள நெறைய போர்டுகள்ல முன்பக்க ஹெட்போனுக்குன்னு ஒரு பின் வரிசை இருக்கும். முன்பக்க ஒயர் மாட்டலைன்னா அதுல 5, 6 பின்னுக்கு ஒரு ஜம்பர் (ரெண்டு பின்னை இணைக்கற குட்டி மூடி), 9, 10 பின்னுக்கு ஒரு ஜம்பர் கண்டிப்பா இருக்கணும், ஏன்னா சத்தம் முன்பக்கம் போயிட்டு திரும்பி வந்து தான் பின்பக்க ஜாக்குக்கு போகுது. அந்த ரெண்டு குட்டி ஜம்பரை எவனாவது உருவிட்டா டெவைஸ் மேனேஜர்ல எல்லாம் சரியா காட்டும், மிக்ஸர் ஆடும், பின்னாடி சத்தம் மட்டும் சுத்தமா வராது. டிரைவரை எத்தனை தடவை மாத்தினாலும் வராது. கேஸ் மாத்தி முன்பக்க ஒயரை கழட்டினதுக்கு அப்புறம் ஊமையாச்சுன்னா இங்க தான் கை வைக்கணும்.

டாஸ் (விண்டோஸுக்கு முந்தின சிஸ்டம்) கேம் ஆடறவங்களுக்கு ஐஆர்க்யூ தொல்லை, அதாவது ஒவ்வொரு கார்டும் பிராசஸரை கூப்பிடற நம்பர். முதல் சவுண்ட் பிளாஸ்டர் 1989ல வந்தது, அந்த காலத்து கார்டுகள் 7ஐ பிடிச்சுக்கும், பிரிண்டர் போர்ட்டுக்கும் அதே 7 தான். 1992ல வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 வழக்கமா அட்ரஸ் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ (மெமரிக்கு நேரா போற வழி) 1, பெரிய டிஎம்ஏ 5. கார்டு ஒண்ணுல நிக்குது, ஆன் ஆகும்போது ஓடற ஆட்டோஎக்ஸெக் ஃபைல்ல பிளாஸ்டர் வரி ஒண்ணு சொல்லுது, கேம் செட்டப் மூணாவதா ஒண்ணு சொல்லுதுன்னா எங்கிருந்து சத்தம் வரும். மூணையும் ஒண்ணாக்கிட்டு, பயாஸ்ல (ஆன் பண்ணதும் வர்ற செட்டப்) ஐஆர்க்யூ 5ஐ பழைய ஐஎஸ்ஏ ஸ்லாட் கார்டுக்குன்னு ஒதுக்கிருங்க.

இப்ப சுத்தம் பண்ற விஷயம், இங்க தான் நம்ம ஊர்ல அதிகமா கெடுக்கறாங்க. டீ ஃபேக்டரி ஆபீஸ்ல ஓடின மெஷினை திறந்தா உள்ள பழுப்பா பஞ்சு மாதிரி தூசி அடைச்சிருக்கும், அது ஈரத்தை உறிஞ்சி வச்சுக்கும், அதை ஊதித் தள்ளாம மேலயே ஸ்ப்ரே அடிச்சா சேறாகி ஸ்லாட்டுக்குள்ள இறங்கிடும். முதல்ல பிரஷ், அப்புறம் தான் மத்தது. துருவுக்கு அடிக்கற டபிள்யூடி 40, தின்னர், பெட்ரோல் எதுவும் வேணாம். ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போதும். கார்டோட தங்கப்பல்லை ரப்பர் வச்சு தேய்க்கற பழக்கம் எல்லா மெக்கானிக்குக்கும் உண்டு, வெள்ளை ரப்பர்னா லேசா ஒரு தடவை தேய்ங்க, சொரசொரப்பா இருக்கற இங்க் ரப்பர் முலாமையே எடுத்துரும். ஹெட்போன் சொருகினா உள் ஸ்பீக்கரை கட் பண்ற ஜாக்ல கான்டாக்ட் கறை வந்தா ஹெட்போன் இல்லாதப்பவும் இருக்குன்னே நினைச்சுக்கும், ஒரு பிளக்கை பத்து தடவை சொருகி எடுத்தாலே பாதி கேஸ் சரியாயிடும்.

386, 486 போர்டுல நீல பீப்பா மாதிரி பேட்டரி கசிஞ்சு பச்சை பூத்திருந்தா ஆப்பசோடா போடாதீங்க. அது காரக் கசிவு, சோடாவும் காரம் தான். வீட்டு வினிகர் கொஞ்சம் தொட்டு துடைச்சு, அப்புறம் ஆல்கஹால். பேட்டரியை மொதல்லயே வெட்டி எடுத்துருங்க.

காலையில சத்தம் வரலை, மத்தியானம் தானா வருதுன்னு சொல்றாங்க பாருங்க, அதுக்கு விண்டோஸை திட்டி பிரயோஜனம் இல்ல. வயசான எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் (போர்டுல கரண்ட்டை சேத்து வைக்கற சின்ன உருளை) குளிர்ல இன்னும் மோசமாகும், மெஷின் சூடாக சூடாக கொஞ்சம் தெளியும், நம்ம ஊர் குளிர்ல அது சமவெளியை விட சீக்கிரம் காட்டிக் குடுத்துரும். மேக் எஸ்இ 30, கிளாசிக் மாதிரி பழைய ஆப்பிள் மெஷின்கள்ல சத்தம் மெலிஞ்சு போறது தான் கெபாசிட்டர் கசியறதுக்கு முதல் அறிகுறி. மாத்தும்போது வோல்ட் குறைவா இருக்கறதை போடாதீங்க, பிளஸ் மைனஸ் திருப்பி போட்டா வெடிக்கும்.

எஸ்எம்பிஎஸ் (கரண்ட் குடுக்கற பவர் சப்ளை பெட்டி) மாத்தினதுக்கு அப்புறம் சத்தம் போச்சுன்னா இன்னொண்ணு பாக்கணும். சில பழைய ஐஎஸ்ஏ கார்டுகளுக்கு மைனஸ் 5 வோல்ட் வேணும், 2003க்கு அப்புறம் வந்த சப்ளைகள்ல பெரும்பாலும் அந்த லைனே கிடையாது.

1984ல ஆரம்பிச்ச மத்திய அரசோட கிளாஸ்ங்கற பள்ளி கம்ப்யூட்டர் திட்டத்துல ஸ்கூலுக்கு குடுத்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் யார் கைக்காவது வந்தா மட்டும் சட்டம் வேற. சப்ளைக்குள்ள தேன் கலர்ல ரிஃபான்னு எழுதின கெபாசிட்டர் இருந்தா ஆன் பண்ணவே பண்ணாதீங்க, கூடு விரிசல் விட்டு ஈரம் உள்ள இறங்கியிருக்கும், கரண்ட் பட்டதும் பொகை தான். அதை மாத்திட்டு ஆன் பண்றப்போ "பூ... பீப்"னு ரெண்டு சத்தம் வரணும். முதல் "பூ" நிக்காம நீண்டுக்கிட்டே போனா சவுண்ட் வேலை செய்யுதுன்னு சந்தோஷப்படாதீங்க, சவுண்ட் சிப்பை அடக்க வேண்டிய பிராசஸர் இன்னும் எந்திரிக்கலைன்னு அர்த்தம், தேட வேண்டியது அந்தப் பக்கம்.