வேப்பிலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள்: ஆய்வக மாணவர்களுக்கு

மூலிகைச் சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள் (நானோமீட்டர் கணக்கில் அளக்கும் மிக நுண்ணிய வெள்ளித் துகள்) தயாரிக்க முனையும் மதுரை வட்டாரக் கல்லூரி மாணவர்கள், செடியைத் தேர்வதற்கு முன் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுந்தால், அதிலுள்ள குளோரைடு, துகளுக்கு வெள்ளி தரும் உப்பான வெள்ளி நைட்ரேட்டுடன் சேர்ந்து வெள்ளி குளோரைடாகிக் கரைசலை வெண்மையாகக் கலங்கச் செய்துவிடும். இலையின் தூசியைக் குழாய் நீரில் போக்கலாம். ஆனால் இலைக்கும் கண்ணாடிக் கலங்களுக்கும் கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில்தான் இருக்க வேண்டும்.

2004-இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் பயன்படுத்திக் காட்டிய வேம்பே தொடக்கத்திற்குப் போதும். எவரும் ஆய்வுக்கு எடுக்காத செடி என்பதால் மட்டும் ஆய்வு சிறந்துவிடாது. நறுக்கிய இலை 10 கிராமை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் வாட்மேன் 1-ஆம் எண் தாளில் வடிகட்டுக. 1 மில்லிமோலார் கரைசல் 100 மில்லிக்கு 17 மில்லிகிராம் வெள்ளி நைட்ரேட் வேண்டும். அவ்வளவு சிறிய அளவைத் துல்லியமாக நிறுப்பது கடினமாதலால், 170 மில்லிகிராமை 100 மில்லியில் கரைத்துப் பத்து மடங்கு நீர்ப்பதே நல்லது. கையுறை அவசியம், விரலில் பட்டால் கறுப்புக் கறை பல நாள் போகாது.

நீர்த்த அந்த 1 மில்லிமோலார் கரைசல் 90 மில்லியில் சாறு 10 மில்லியைக் கலந்து இருட்டில் வைத்தால், இளமஞ்சள் மெல்லப் பழுப்பாகும். இதைக் கண்டதும் துகள் உருவாகிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது, ஏனெனில் சாறு மட்டுமே காற்றுப்பட்டுப் பழுப்பேறக்கூடும். சாறும் நீரும் கலந்த குடுவை ஒன்றும், சாறு சேராத வெள்ளி நைட்ரேட் குடுவை ஒன்றும் அருகிலேயே இருக்க வேண்டும். நிறமாலைமானியில் 400 முதல் 450 நானோமீட்டருக்குள் ஒளி உறிஞ்சும் உச்சம் கலவையில் மட்டும் தெரிந்தால் நம்பலாம். துகளின் அளவை அறிய எலக்ட்ரான் நுண்ணோக்கி தேவை.

பாக்டீரியா சோதனையில்தான் பல ஆய்வேடுகள் சறுக்குகின்றன. வெள்ளி அயனியே கிருமிக்கொல்லி என்பதால், மையவிலக்கில் (வேகமாகச் சுழற்றித் துகளைப் பிரிக்கும் கருவியில்) பலமுறை கழுவாத துகள் காட்டும் தடுப்பு வளையம், அதாவது பாக்டீரியா வளராத வட்டம், எஞ்சிய வெள்ளி நைட்ரேட்டின் வேலையாகவும் இருக்கலாம். எனவே சம அளவு வெள்ளி கொண்ட வெள்ளி நைட்ரேட்டையும், வெறும் சாற்றையும் அதே தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தீப்புண்ணுக்கு நானோ வெள்ளிக் கட்டுத்துணிகள் மருத்துவமனைகளில் பயன்படுகின்றன; அவற்றுள் பெயர்பெற்றவை வெள்ளியை ஆவியாக்கித் துணியில் படியவைக்கும் ஆவிப்படிவு முறையில் ஆனவை, இலைச்சாற்றில் ஆனவையல்ல. செல் வளர்ப்பில் புற்றுச் செல் இறந்ததை வைத்து மருந்து கிடைத்ததாக எழுதுவதும் பொருந்தாது. மூலிகை சேர்ந்தது என்பதற்காக எவரும் இக்கரைசலைக் குடித்துப் பார்க்கலாகாது; தொடர்ந்து வெள்ளி உட்கொண்டால் தோல் நீலச்சாம்பல் நிறமாகி, பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும்.