தோளில் மாட்டும் கேமரா பை: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என்னுடைய 50 மி.மீ. லென்ஸ் மண்டபத்துப் படிகளில் உருண்டு போய்க் கீழே நின்றது. நாற்காலியில் வைத்திருந்த பையின் வாரைப் பிடித்துத் தூக்கினேன், அவ்வளவுதான். மேல்மூடி போர்த்தியபடி இருந்தது. அதற்கு அடியில் ஜிப் திறந்து கிடந்தது. தடித்த பஞ்சு, பிரித்துப் போட்ட உள்ளறைகள் என்று நல்ல விலை கொடுத்து வாங்கிய பைதான். லென்ஸின் முன்வளையம் நசுங்கியது. அதன் பிறகு ஃபோகஸ் பழையபடி அமையவே இல்லை.

அன்றிலிருந்து கேமரா பை பற்றி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: நின்றபடியே, ஒரு கையில் கேமரா இருக்க, மறு கையால் அதைத் திறந்து மூட முடிகிறதா? எத்தனை லென்ஸ் கொள்ளும் என்பது அதற்குப் பிறகு வர வேண்டிய கேள்வி. வெறுமனே சுமந்து போவதற்கு என்றால் முதுகுப்பை போதும். அது பாரத்தை இரு தோளுக்கும் பகிர்ந்து கொடுத்துவிடும். வேலை நடக்கும்போதே கையை விட்டு எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் தோள்பை.

இந்தப் பைகள் பிறந்த கதையும் அதையே சொல்கிறது. 1970களின் நடுவில் அமெரிக்காவின் பிலடெல்பியா இன்குவயரர் நாளிதழில் புகைப்படக்காரராக இருந்த ஜிம் டாம்கி, தன் வேலைக்குத் தோதான பை கிடைக்காமல் தானே ஒன்றை வடிவமைத்தார். கான்வாஸ் துணி, குறைவான பஞ்சு, கை தடையின்றி நுழையும் அறைகள்: அதுதான் அந்தப் பை. இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் நிறுவனமோ முதலில் மீன்பிடிப்பவர்களுக்கான பைகளைத்தான் தைத்தது. அவற்றைப் புகைப்படக்காரர்கள் வாங்குகிறார்கள் என்று தெரிந்த பிறகே கேமரா பைக்கு வந்தது. தூண்டிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கும் நமக்கும் தேவை ஒன்றே.

எல்லாம் கொள்ளட்டும் என்று பெரிய பை

கடையில் பார்க்கும்போது பை காலியாக இருக்கிறது. அதன் பாரம் நமக்குத் தெரிவதில்லை. கல்யாணத்துக்குப் போகும் ஒருவரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கேனான் 5டி மார்க் 3 பாடி, அதாவது லென்ஸ் மாட்டாத கேமரா, பேட்டரியோடு 950 கிராம். 24-70 மி.மீ. எஃப் 2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 805 கிராம். 70-200 மி.மீ. எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு 1,490 கிராம். பேட்டரி போட்ட ஃபிளாஷ் ஏறத்தாழ அரைக் கிலோ. இதுவே மூன்றே முக்கால் கிலோ ஆயிற்று. பஞ்சு வைத்த நடுத்தரப் பையின் சொந்த எடை ஒரு கிலோவுக்கு மேல் வரும். மாற்று பேட்டரி, சார்ஜர், தண்ணீர் பாட்டில் சேர்ந்தால் ஐந்து கிலோவைத் தாண்டிவிடும். அத்தனையும் ஒரே தோளில், காலை நான்கு மணிக்கு ஏறியது மதியப் பந்தி முடியும்வரை இறங்காது.

பாரம் தொங்கும் பக்கத்துத் தோளை நாம் அறியாமலே உயர்த்திப் பிடிக்கிறோம். உடல் மறுபக்கம் சாய்ந்து அதை ஈடுகட்டுகிறது. மாலையில் கழுத்தும் இடுப்பும் வலிப்பது அதனால்தான். இருபத்தைந்து வயதில் இது பெரிதாகத் தோன்றாது. நாற்பதைக் கடந்த எங்கள் தொழில்காரர்களில் கழுத்துப் பிடிப்பு இல்லாதவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

பை பெரிதாக இருந்தால் காலி இடத்தை நிரப்பத்தான் கை போகும். லென்ஸ் மாட்டிய ஒரு பாடி, கூடுதலாக ஒன்று அல்லது இரண்டு லென்ஸ், ஒரு ஃபிளாஷ்: தோள்பைக்கு இதுவே எல்லை என்பது என் கருத்து. அதற்கு மேல் போனால் மிச்சத்தை முதுகுப்பையில் வைத்து மண்டபத்து அறையில் பூட்டிவிட்டு, வேண்டியதை மட்டும் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள்.

உள்ளே கண்ணாடி இல்லாத, அதனால் சிறிதான மிரர்லெஸ் கேமராவுக்கு மாறியவர்கள் இதற்கு நேர்மாறான தவறைச் செய்கிறார்கள். கேமரா சிறுத்துவிட்டது என்று பையையும் சிறிதாக வாங்கிவிடுகிறார்கள். சோனி ஏ7 மார்க் 3 பாடி 650 கிராம்தான்; ஆனால் அதில் மாட்டும் 24-70 மி.மீ. எஃப் 2.8 ஜிஎம் லென்ஸின் முதல் பதிப்பு 886 கிராம். பாடி மெலிந்த அளவுக்கு லென்ஸ் மெலியவில்லை. பையின் ஆழத்தை முடிவு செய்வதோ லென்ஸ்தான்.

அளக்காமல் வாங்குவது

இணையக் கடைகளில் போட்டிருக்கும் அளவு பெரும்பாலும் வெளி அளவு. உள் அளவு தனியாக இருக்கிறதா என்று தேடுங்கள். பஞ்சின் தடிமன் ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டரைத் தின்றுவிடும். வீட்டில் லென்ஸை கேமராவில் மாட்டி, ஹூட்டை, அதாவது லென்ஸ் முனையில் மாட்டும் வெளிச்ச மறைப்பை, தலைகீழாகத் திருப்பிப் பொருத்தி, பாடியின் பின்புறத்திலிருந்து லென்ஸ் முனைவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 70-200 லென்ஸ் தனியாகவே ஏறத்தாழ 20 செ.மீ. நீளம். பாடியோடு சேர்த்தால் பல தோள்பைகளில் அது நிமிர்ந்து நிற்காது. படுக்க வைத்தால் பையின் பாதியை அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டிய நிலை வந்துவிட்டால் சென்சாரில் தூசி ஏறுவதைத் தடுக்க வழியில்லை.

பஞ்சு தடித்திருந்தால் பாதுகாப்பு என்று நம்புவது

பஞ்சின் தடிமனைவிட அதன் தரம் முக்கியம். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் எளிதாக மறுபுறத் துணியைத் தொட்டால் அது மெத்தைப் பஞ்சு. இரண்டு கோடையில் தட்டையாகிவிடும். நல்ல கேமரா பையில் இருப்பது மூடிய குமிழ்கள் கொண்ட ஃபோம். அழுத்தினால் எதிர்த்து நிற்கும், விட்டதும் எழும், தண்ணீரையும் உறிஞ்சாது.

பலரும் பக்கச் சுவரை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு அடிப்பாகத்தை விட்டுவிடுகிறார்கள். ஒரு நாளில் பையை எத்தனை முறை தரையில் வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். சிமெண்டுத் தரை, கோயில் கல்தளம், பஸ்ஸின் இரும்புத் தரை என்று எல்லா அடியும் கீழேதான் விழுகிறது. அடியில் உறுதியான தனித் தட்டு இருக்க வேண்டும். லென்ஸ்மேல் லென்ஸ் அடுக்குவதானால் இடையில் மடிப்புத் தடுப்பு வேண்டும். அது இல்லாமல் கண்ணாடியும் உலோகமும் உரசிக்கொண்டே பயணம் செய்யும்.

வாரும் அதன் வளையமும்

பை கிழிந்து கேமரா விழுந்ததாக நான் கேள்விப்பட்டது குறைவு. வார் கழன்று விழுந்தவை பல. வார் பையோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒற்றை வரித் தையல் போதாது. சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டிருக்க வேண்டும். வார் அங்கேயே முடியாமல் பையின் அடிவரை சுற்றிச் சென்றால் இன்னும் நல்லது. வளையமும் கொக்கியும் உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கொக்கி வெயிலில் இறுகி ஒருநாள் சொல்லாமல் உடையும். வாரின் அகலம் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, தோள் படும் இடத்தில் வழுக்காத மெத்தை வேண்டும். குறுக்காக மாட்டும் அளவுக்கு நீளமும் வேண்டும். கூட்டத்தில் ஒரு தோளில் மட்டும் தொங்கும் பை நழுவவும் செய்யும், பறிபோகவும் செய்யும்.

திறப்பும் மூடலும்

என் லென்ஸ் விழுந்தது இங்கேதான். மேல்மூடியும் அதற்கடியில் ஜிப்பும் என்று இரண்டு அடுக்கு இருந்தால் வேலை அவசரத்தில் ஜிப்பை மூட மாட்டோம். மூடி மட்டும் போர்த்தி இருக்கும், பூட்டியதுபோல் கண்ணை ஏமாற்றும். இப்போது நான் வைத்திருப்பது ஒரே மூடியும் இரண்டு கொக்கிகளும் உள்ள பை. கொக்கி மாட்டியிருக்கிறதா என்று தூரத்திலிருந்தே தெரியும். மூடி உடலை நோக்கித் திறக்காமல் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உடலை நோக்கித் திறந்தால் ஒவ்வொரு முறையும் மூடி வயிற்றில் மோதிக் கையை மறைக்கும்.

வெல்க்ரோ, அதாவது ஒட்டிப் பிரிக்கும் பட்டி, வைத்த பை என்றால் வாங்குமுன் கடையிலேயே ஒருமுறை பிரித்து அதன் சத்தத்தைக் கேளுங்கள். மார்கழிக் கச்சேரியில் ஆலாபனை நடுவே அந்தச் சத்தம் எழுந்தால் முன்வரிசை முழுவதும் உங்களைத் திரும்பிப் பார்க்கும். வேடந்தாங்கலில் பறவை பறந்துவிடும்.

மழை, தண்ணீர், புழுக்கம்

நீர் புகாத துணி என்ற அட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். துணி தாங்கும், தையல் துளைகளும் ஜிப்பின் பற்களும் தாங்காது. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் பக்தர்கள் தோல் பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சுவார்கள். சித்திரை வெயிலில் மழை ஏது என்று உறையில்லாமல் வரும் இளைஞர்களின் பைகள் சற்று நேரத்தில் நனைந்துவிடுகின்றன. பையோடு சேர்ந்த மழையுறை இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்றை மடித்து எப்போதும் உள்ளே வைத்திருங்கள்.

துணியின் உட்புறம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உரியும். பழைய பையை இரண்டாம் விலைக்கு வாங்குபவர்கள் உள்ளே விரலை விட்டுத் தேய்த்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால் வேண்டாம். அந்தத் துகள் லென்ஸில் படியும்.

எல்லாவற்றையும்விட நான் வருந்துவது வேறொன்றுக்கு. வேலை முடிந்து வந்து, பையை அப்படியே மூடி அலமாரிக்குள் வைத்துவிடுவது. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் லென்ஸ் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்களில் அதைவிட அதிகம். பஞ்சும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இருட்டு வேறு. பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. தோல் பை பார்க்க அழகு, ஆனால் இந்த விஷயத்தில் அதற்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பையை மின்விசிறிக்கு அடியில் திறந்து வையுங்கள். கருவிகளை டிரை கேபினெட்டில், அதாவது ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரியில், வைக்கலாம். அது இல்லாவிட்டால் காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாம். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் அது ஈரத்தை நிறைய குடித்துவிட்டது என்று பொருள். சூடுபடுத்தி உலர்த்திவிட்டு மறுபடி பயன்படுத்தலாம்.

இருசக்கர வண்டி

நம்மில் பெரும்பாலானோர் மண்டபத்துக்குப் போவது வண்டியில்தான். குறுக்காக மாட்டிய தோள்பை திருப்பத்தில் சரிந்து முன்னால் வந்து கைப்பிடியில் முட்டும். அது கேமராவைவிட உயிருக்கு ஆபத்து. ஸ்கூட்டரின் முன் கொக்கியிலோ பெட்ரோல் டாங்கின் மேலோ வைத்தால் அதிர்வு நேராக ஏறும். லென்ஸுக்குள் இருக்கும் நுண்ணிய திருகுகள் தொடர் அதிர்வில் தளரும். இடுப்பைச் சுற்றிக் கட்டும் கூடுதல் வார் உள்ள பையைத் தேடுங்கள். அல்லது தோள்பையையே ஒரு முதுகுப்பைக்குள் வைத்து ஓட்டிச் செல்லுங்கள்.

விமானத்தில் போகிறவர்களுக்கு: மாற்று லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, அவை கைப்பையில்தான் வர வேண்டும். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு வழக்கமான எல்லை 7 கிலோ. காலியாகவே இரண்டு கிலோ இருக்கும் பையை வாங்கியவருக்கு அப்போது அதன் எடை உறைக்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவையும் லென்ஸ்களையும் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே வைத்து, குறுக்காக மாட்டி, கால் மணி நேரம் கடைக்குள்ளேயே நடங்கள். குனிந்து நிமிருங்கள். பையைப் பார்க்காமல் கையை விட்டு லென்ஸை எடுத்துப் பாருங்கள். மூடிவிட்டு வாரைப் பிடித்து ஒருமுறை தூக்குங்கள். இதற்கெல்லாம் கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.