பூல் ஆடும்போது கை, க்யூ, டேபிள் சுத்தம்: பவுடரைத் தள்ளிவைத்துவிட்டு ஆரம்பியுங்கள்

கேரம் போர்டில் பழகிய கை பூல் டேபிளுக்கு வந்ததும், க்யூ விரலில் ஒட்டாமல் ஓட முதலில் தேடுவது பவுடர் டப்பாவைத்தான். க்யூ என்றால் பந்தை அடித்து டேபிள் ஓரத்துப் பாக்கெட் குழிக்குள் தள்ளும் நீளக் கோல். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று நம் பக்கத்தில் புதிதாக ஆட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு.

"தம்பி, பவுடர் இருக்கா?"

"இல்லண்ணே, கையக் கழுவிட்டு வாங்க."

இந்தப் பதிலைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். பூல் பார்லர் பையன் சொல்வது சரி.

கேரம் போர்டு வழவழப்பான பலகை. ஆட்டம் முடிந்து ஒரு துணியால் இழுத்துவிட்டால் பவுடர் போய்விடும். பூல் டேபிளின் மேல் விரித்திருப்பதோ கம்பளி கலந்த துணி. அதில் விழுந்த பவுடர் இழைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே அங்கே, க்யூவின் முனை வழுக்காமல் இருக்கத் தேய்க்கும் சாக்கின் தூள் இருக்கிறது. இரண்டும் நம் ஊர் வியர்வையோடு சேர்ந்தால் பசைதான். பந்து அந்தப் பசையின் மேல் உருண்டு, அடுத்த பந்தில் போய் ஒட்டும். அழுக்கு கையிலிருந்து க்யூவுக்குப் போகிறது, அங்கிருந்து துணிக்கு, துணியிலிருந்து பந்துக்கு. அதனால் சுத்தத்தையும் கையிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: கை

ஆட்டம் தொடங்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவினால் மட்டும் போதாது, விரல் இடுக்கு வரை துடைத்துக் காயவைக்க வேண்டும். ஈரக்கை வியர்த்த கையைவிட மோசம். இரண்டு மூன்று ஆட்டத்துக்கு ஒருமுறை மறுபடியும் கழுவினால், பவுடர் ஞாபகமே வராது. சானிடைசரை இதற்குப் பதிலாக நினைக்காதீர்கள். ஜெல் வகை காய்ந்த பிறகும் கையில் ஒரு பிசுபிசுப்பு நிற்கும்.

வியர்வையை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் டெல்டாவில் கைக்கு வரும் அழுக்கு வேறு பல. தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து, யோசிக்கும்போதெல்லாம் முடியைக் கோதுகிறவர்கள் உண்டு. அந்த எண்ணெய் அடுத்த நொடி க்யூவில் இருக்கும். திருவையாறு அசோகாவைக் கையால் எடுத்துச் சாப்பிட்டால் நெய் விரல் ரேகைக்குள் நின்றுவிடும், வெறும் தண்ணீருக்கு அசையாது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய ஆட்காட்டி விரல், கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்தவரின் விபூதி விரல், வண்டிச் செயினைச் சரிபண்ணிய கை, எல்லாம் இதே கணக்கு. அறுவடை நாட்களில் களத்திலிருந்து வருகிறவர்கள் முழங்கை வரை கழுவ வேண்டும். நெல் சுணை கையோடு நிற்காது, டேபிள் மேல் சாயும்போது துணியிலும் உதிரும்.

சரி, கழுவியும் கை வியர்க்கிறது என்றால்? கையுறை வாங்குங்கள். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றை மட்டும் மூடும் கையுறை இந்த ஆட்டத்துக்கென்றே கிடைக்கிறது. க்யூவைத் தாங்கும் கைக்குத்தான் போட வேண்டும். வலக்கை ஆட்டக்காரருக்கு அது இடக்கை. வாரம் ஒருமுறை லேசான சோப்பில் அலசி நிழலில் காயவையுங்கள். துவைக்காத கையுறை அழுக்குக் கையைவிட உசத்தி இல்லை.

காசு செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. தொடக்கக்காரர்கள் ஆட்காட்டி விரலை வளையமாக மடித்து அதற்குள் க்யூவை விடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் வியர்த்த விரல் மூன்று பக்கமும் பிடித்துக்கொள்ளும். கையை டேபிளில் விரித்து ஊன்றி, கட்டைவிரலை உயர்த்தி, அந்த இடுக்கில் க்யூவை வைத்து ஆடிப் பாருங்கள். தொடும் இடம் குறைவு, ஒட்டுவதும் குறைவு.

கரண்ட் போய் ஃபேன் நின்றுவிட்டால் ஆட்டத்தையும் நிறுத்திவிடுவது என் வழக்கம். அந்தப் பத்து நிமிடத்தில் சேரும் வியர்வை மொத்த மாலைக்கும் போதும்.

படி 2: சாக்

இதைத் தனிப் படியாகச் சொல்லக் காரணம், டேபிள் அழுக்கில் பெரும்பங்கு இதனுடையது. பள்ளிக்கூடச் சாக்பீஸ் போன்ற மென்மையான சரக்கு இல்லை இது. 1897ல் அமெரிக்காவில் ஸ்பிங்க்ஸ், ஹாஸ்கின்ஸ் என்ற இருவர் காப்புரிமை வாங்கிய கலவையின் வழியில் வந்தது இன்றைய சாக். சிலிக்காவும், உப்புத்தாளில் இருப்பது மாதிரியான கடினமான தூளும் அதில் உண்டு. க்யூவின் முனையான டிப் பந்தில் வழுக்காமல் பிடிப்பது அதனால்தான். அதே தூள் துணியில் தங்கினால், பந்து உருளும் ஒவ்வொரு முறையும் இழையை அரைத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே டேபிளை விட்டு ஓர் அடி தள்ளி நின்று சாக் போடுங்கள். தோசைக்கல்லைத் தேய்க்கிற மாதிரி தேய்க்க வேண்டாம். டிப்பின் மேல் ஒரு மெல்லிய பூச்சு வந்தால் போதும். ஊதவும் வேண்டாம், ஊதினால் அது போய் விழும் இடம் துணிதான். சாக் கட்டையைத் திரும்ப வைக்கும்போது சாக் பக்கம் மேலே பார்க்க இருக்கட்டும். கவிழ்த்து வைத்தால் விளிம்புப் பலகையில் நீல வட்டம் விழும், அதன் மேல் உங்கள் சட்டைக் கை படும், அப்புறம் சட்டை துணி மேல் படும்.

படி 3: க்யூ

பார்லர் க்யூ என்றால் எடுத்ததும் செய்ய வேண்டியது, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் முனையிலிருந்து நடுப்பகுதி வரை ஒரு துடைப்பு. உங்களுக்கு முன் ஆடியவர் என்ன சாப்பிட்டார் என்று உங்களுக்குத் தெரியாது.

சொந்தக் க்யூ என்றால் கொஞ்சம் பொறுமையாகச் செய்யலாம். பூல் க்யூவின் மேல்பாகம் பெரும்பாலும் மேப்பிள் மரம், பூலுக்கு உறவுக்கார ஆட்டமான ஸ்நூக்கரின் க்யூவில் ஆஷ் மரம் அதிகம். இரண்டும் ஈரத்தைக் குடிக்கும். குடித்தால் இழை எழும்பிச் சொரசொரக்கும், அதிகமானால் வளையும். அதனால் தண்ணீரில் நனைப்பது, குழாயடியில் காட்டுவது எதுவும் கூடாது.

முதலில் டிப்புக்குக் கீழே இருக்கும் வெள்ளை வளையத்தைத் தனியாகத் துடையுங்கள். நீலக்கறை அதிகம் சேரும் இடம் அது. இதை விட்டுவிட்டு மேலிருந்து கீழாக இழுத்தால் அந்த நீலம் முழுவதும் மரத்தில் பரவும். அப்புறம் துணியை நனைத்து, ஒரு சொட்டுகூட வராத அளவுக்குப் பிழிந்து, மரத்தை வேகமாகத் துடைத்து, கையோடு உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இதற்கு அசையவில்லை என்றால் ஐபிஏ என்னும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் உதவும். மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருப்பார்களே, அதுதான். துணியில் சில சொட்டு விட்டுத் துடைத்தால் பிசுக்கு துணிக்கு வந்துவிடும். தண்ணீர் கலப்பு குறைவான வகையாகப் பாருங்கள். கைப்பிடிப் பக்கத்து வார்னிஷ், படம், எழுத்து இவற்றில் படக்கூடாது, நிறம் போய்விடும். சீக்கிரம் தீப்பிடிக்கும் திரவம், சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

கடைசியாக மெருகு. சாதாரண வெள்ளைத் தாளை நான்காக மடித்து, க்யூவைச் சுற்றிப் பிடித்து, கையில் சூடு தெரியும்வரை முன்னும் பின்னும் வேகமாகத் தேய்க்க வேண்டும். எழும்பிய இழை படிந்து மரம் வழவழவென்று ஆகிவிடும். தாளைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். அத்தனை நாளாக உங்கள் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது அதுதான்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லும் நண்பர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள். அது அழுக்கோடு மரத்தையும் எடுக்கும். சில மாதத்தில் உங்கள் க்யூ மெலிந்து வேறு க்யூ ஆகிவிடும். தேங்காய் எண்ணெய் பூசினால் மரத்துக்கு நல்லது என்பதும் அதே நண்பர் சொல்வதுதான்.

கார்பன் ஃபைபர் க்யூவுக்கு இத்தனை பாடு இல்லை. ஐபிஏ தொட்ட துணியால் துடைத்தால் முடிந்தது.

படி 4: பந்து

பூல் பந்து 57 மில்லிமீட்டர் சொச்சம் விட்டம், நல்ல வகை ஃபீனாலிக் ரெசினில் செய்தது. அழுக்குப் பந்தால் ஆட்டமே மாறும் என்பது தொடக்கக்காரருக்குத் தெரிவதில்லை. பக்கவாட்டில் வெட்டி அடிக்கும்போது இரண்டு பந்தும் தொடும் அந்த நொடியில் ஓர் உரசல் இருக்கிறது. பந்து சுத்தமாக இருந்தால் உரசல் குறைவு. பிசுக்கோ சாக் தூளோ தொடும் இடத்தில் இருந்தால், நாம் க்யூவால் அடிக்கும் வெள்ளைப் பந்து அடுத்த பந்தைத் தன் போக்கில் கொஞ்சம் இழுத்துவிடும். நீங்கள் நினைத்த அளவுக்கு வெட்டு விழாது. பந்து பாக்கெட்டின் ஓரத்தில் இடித்து நிற்கும். குறி தப்பியது என்று உங்களையே திட்டிக்கொள்வீர்கள். எப்போதும் குற்றம் உங்களுடையதில்லை.

ஒரு பக்கெட்டில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. மென்மையான துணியால் ஒவ்வொரு பந்தாகத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, உடனே உலர்த்துங்கள். கொதிநீர், பிளீச்சிங், நார் மூன்றும் வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில், கடைசி அலசலுக்குக் குடிதண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காய்ந்ததும் பந்தில் வெள்ளைத் திட்டுப் படியும். ஈரப்பந்தை டேபிளில் வைக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

படி 5: டேபிள் துணி

துடைப்பதற்கு முன் எந்த வகைத் துணி என்று கண்டுபிடியுங்கள். உள்ளங்கையால் நீளவாக்கில் ஒரு திசையிலும் பிறகு எதிர்த்திசையிலும் தடவுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் ரோமமில்லாத பூல் துணி. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு என்றால் ரோமம் உள்ளது. ஸ்நூக்கர் டேபிளில் எப்போதும் இதுதான், சில பூல் டேபிளிலும் இருக்கும். ரோமம் உள்ள துணியை வழவழப்பான திசையில் மட்டுமே பிரஷ் செய்ய வேண்டும். ஸ்நூக்கர் டேபிளில் அது ‘டி’ (D) என்ற அரைவட்டம் வரைந்த முனையிலிருந்து கறுப்புப் பந்து முனைக்குப் போகும் திசை. அதற்கு ஈரத்துணியே காட்டக்கூடாது.

குதிரைமுடி பிரஷ் கிடைத்தால் நல்லது. பூல் துணியில் முதலில், பந்து மோதித் திரும்பும் ஓர விளிம்பான குஷன் அடியில் இருக்கும் தூளை உள்பக்கமாக இழுத்துவிட்டு, அப்புறம் நேர்கோட்டில், நீளவாக்கில், ஒரே திசையில் தேயுங்கள். வட்டமாகத் தேய்த்தால் தூள் இழைக்குள் இறங்கும். ஒரு முனையில் சேர்ந்ததைப் பாக்கெட்டுக்குள் தள்ளாமல், இழுவை குறைவான சின்ன வேக்குவம் கிளீனரால் எடுங்கள். கார் சுத்தம் செய்யும் கையடக்க வகையே போதும். பூல் துணி என்றால் அதன்பின் நன்றாகப் பிழிந்த, நார் உதிராத துணியால் ஒரே திசையில் ஒருமுறை இழுக்கலாம்.

பந்து அடுக்கும் இடத்திலும், அந்த அடுக்கை உடைக்க முதல் அடி அடிக்கும் இடத்திலும் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அவை அழுக்கில்லை, பந்து வேகமாக உரசிய சூட்டில் துணி கருகிய தடம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தேய்த்தால் துணிதான் இளைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்ளும், பந்து மந்தமாக ஓடும். அப்போது ஈரத்துணி இழுக்கும் வேலையையே விட்டுவிடுங்கள். அந்த மாதங்களில் இன்னொரு தொல்லை, பூச்சி. வயலை ஒட்டிய ஊர்களில் விளக்கு போட்டதும் பச்சைத் தத்துப்பூச்சி கூட்டம் கூட்டமாக வரும், மழை விட்ட அந்தியில் ஈசல் வரும். டேபிள் விளக்குக்குக் கீழே வந்து விழுந்ததைக் கையால் அடித்தால் துணியில் கறை நிற்கும், பந்து ஏறினாலும் அப்படியே. டேபிள் விளக்கை அணைத்து, வாசல் பல்பைப் போட்டுச் சற்று நேரம் காத்திருங்கள்; பூச்சி அங்கே போய்விடும். மிச்சத்தைப் பிரஷ்ஷால் மெல்லத் தள்ளலாம்.

டீ கொட்டிவிட்டால்

டீ கிளாஸை விளிம்பில் வைக்காதே என்று எழுதிப் போட்ட இடத்திலும் கொட்டத்தான் செய்கிறது. கொட்டியதும் தேய்க்காதீர்கள். சாயம் போகாத வெள்ளைப் பருத்தித் துணியை அதன் மேல் வைத்து அழுத்தி, எடுத்து, மடித்து, மறுபடி அழுத்துங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் கறை அகலும். துணியில் ஈரம் ஏறுவது நின்றதும், வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அதே மாதிரி ஒற்றினால் சர்க்கரைப் பிசுக்கு வரும். ஈரத்துணி கூடாது என்று சொன்ன ரோமத் துணிக்கும் இந்த ஒரு சமயத்தில் விலக்கு உண்டு. அப்புறம் ஃபேன். ஹேர் டிரையரோ இஸ்திரிப் பெட்டியோ வைத்து அவசரப்படுத்த வேண்டாம். அடியில் கல் பலகை இருந்தால் ஈரம் காய்ந்துவிடும். மரத்தூள் பலகை டேபிள் என்றால் தண்ணீர் இறங்கி உப்பிக்கொள்ளும், அந்த மேட்டைச் சரிசெய்ய முடியாது, அதனால் முதல் நிமிடத்து ஒற்றல்தான் முக்கியம். தொட்டுப் பார்த்துச் சில்லிப்பு இல்லாத பிறகே பந்தை அடுக்குங்கள், உறையைப் போடுவதும் அதற்கப்புறம்தான்.